மூன்று மணி ஆட்டம்

பார்க்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றுதான். பை வைத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் மாமியார், எப்போதாவது முட்டி வலிக்காரப் பெரியப்பா. மற்றவர்கள் தண்ணீர்ச் சறுக்கில் கூச்சல் போட்டுக்கொண்டு வழுக்குவார்கள். இவர் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து செருப்புகள், செல்போன்கள், மூக்குக் கண்ணாடிகள், ஈரத் துண்டுகள், கேட்டில் தெரியாமல் உள்ளே கொண்டுவந்த புளிசாதம் எல்லாவற்றுக்கும் காவல் இருப்பார். அவருக்கும் மற்றவர்களைப் போலவே முழு டிக்கெட். அந்த டிக்கெட்டுக்கு அவருக்குக் கிடைப்பது வெயிலும் ஸ்பீக்கர் சத்தமும்தான்.

காஞ்சிபுரத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் பார்க். முதலாளி ஓரிக்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா காலத்தில் நெல், கரும்பு. இவர் காலத்தில் கல்யாண மண்டபம், கொஞ்சம் கட்சி, அப்புறம் இந்தப் பார்க். சென்னைக்காரர்களின் பெரிய பார்க்குகளில் இருக்கிற மாதிரி வயிற்றைக் கலக்கும் ராட்டினங்கள் வாங்க அவரால் முடியாது. அதனால் ஆட்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று பார்த்தார். அப்படித்தான் நான் வந்தேன்.

நான் அதுவரை கல்யாண வரவேற்புகளிலும் பட்டுக் கடைத் திறப்பு விழாக்களிலும் மைக் பிடித்துக்கொண்டிருந்தவள். நெசவாளர் வீட்டுப் பெண். வீட்டுக் கூடத்தில் மூன்று தறி ஓடும்போது, அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் சோறு கிடைக்கும். அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தேன். பார்க்கில் எனக்குக் கொடுத்த பதவிக்குப் பெயர் ஷோ இன்சார்ஜ். என் அப்பா இன்றைக்கும் என்னை 'பொம்மை மேனேஜர்' என்றுதான் அழைக்கிறார். பார்க்கில் ஒரு யானைப் பொம்மை உண்டு. உள்ளே ஆள் நின்று கையாட்டுகிற வகை.

முதலாளியின் கவலை எல்லாம் மூன்று மணி.

"காலைல பத்து மணிக்கு வர்றாங்க, சாப்புடறாங்க, மூணு மணி ஆனா மூட்டையக் கட்டிடறாங்கமா. சாயந்தரம் ஆறு வரைக்கும் தொறந்து வெச்சிக்கினு நான் இன்னா ஈ ஓட்டறதா? இருக்க வெய்யி. எப்பிடியாவது இருக்க வெய்யி" என்றார்.

பெஞ்சுகளைக் கவனித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. எப்போது கிளம்புவது என்று முடிவு செய்வது சறுக்கில் இருப்பவர்கள் இல்லை. பை வைத்திருப்பவர்தான். அவர் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு "நேரமாச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்துப் பேர் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். நாங்களோ எங்கள் ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் தண்ணீரில் இருப்பவர்களுக்கு வைத்திருந்தோம். அவர்களுக்கு அது காதிலேயே விழாது. காதில் விழுந்தவர்களுக்கோ தலைவலி.

மேடையைப் பெஞ்சுகள் பக்கம் நகர்த்தினேன். தகரக் கொட்டகை போட்டு நிழல் உண்டாக்கினேன். ஸ்பீக்கரைப் பாதியாகக் குறைத்தேன், அதற்கு டிஜே பையன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இங்கிலீஷில் வித்தை காட்டிக்கொண்டிருந்த மேஜிக்காரரைத் தமிழில் பேசவைத்தேன். பாவம், தமிழில் பேசியதும் அவர் வித்தை எல்லாம் எங்கே ஒளிகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கிளம்புகிற நேரம் மூன்றிலிருந்து மூன்றேகால் ஆனது. அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

அப்போதுதான் கட்டியக்காரரின் நினைவு வந்தது.

எங்கள் பக்கத்தில் கூத்து தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். கூத்தில் ராஜாவுக்கு முன்னால் வந்து, ராஜா வருகிறார் என்று அறிவித்து, ராஜாவையும் ஊரையும் சேர்த்துக் கிண்டல் பண்ணுகிற கோமாளிதான் கட்டியக்காரன். மாகறலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில், உடன் வேலை செய்த பெண்ணின் ஊர்த் திருவிழாவில், நான் அவரைப் பார்த்திருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. கண்ணை உருட்டினால் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஊர்த் தலைவரை, ரேஷன் கடைக்காரரை, புதுசாகப் புல்லட் வாங்கிய மாப்பிள்ளையை, ஒருவர் விடாமல் வாரினார். வாரப்பட்டவர்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கணும். மறுநாள் காலை ஒரு ரைஸ் மில்காரர் அவரிடம் வந்து, என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டாராம்.

கூத்துக்குப் பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை நாள் கிடைக்காது. மழை மாதங்களில் ஆட்டம் இல்லை. நான் கூப்பிட்டபோது ஐப்பசி. மறுநாளே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. யானைப் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பேசாதா?" என்றார்.

"பேசக் கூடாதுண்ணா. அதுதான் ரூல்."

"அப்ப இதான் ராஜா. நல்ல ராஜா பேசமாட்டாரு. நான் பேசிக்கறேன்."

அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு ஆட்டம் கிடைத்துவிட்டது. மிருதங்கம் ஒருவர், முகவீணை ஒருவர், யானை ராஜா, இவர். இருபத்தைந்து நிமிஷம். மூன்று மணிக்கு, பெஞ்சுகளுக்கு எதிரே.

வேலைக்குச் சேரும்போது அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் இரண்டு முட்டியையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி விடிய விடிய நின்றால் நடக்கவே முடியாமல் போகும் என்றிருக்கிறார். "ஆட்டத்த விடச் சொல்றாரு. எனக்கு வேற இன்னா தெரியும்? பகல்ல, அரை மணி, நெழல்ல ஆடற வேல எனக்குக் கெடைக்கும்னு நான் கனவு கூட காணலமா" என்றார். முதலாளியும் ஒரு வாக்குக் கொடுத்தார். பொங்கல் வரை ஜனங்களை மூன்று மணிக்கு மேல் நிறுத்திக் காட்டினால், அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக. இந்த வாக்கை அவர் என் எதிரில் மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

முதல் நாள் பாதிப் பெஞ்சு. ராஜாவை வரவேற்றார், ராஜாவின் தொந்தியைக் கிண்டல் செய்தார், சிரிப்பு அங்கங்கே கேட்டது. பிறகு முன்வரிசையில் ஒரு அம்மாவைப் பார்த்தார். மடியில் மூன்று பை, காலடியில் ஒரு குவியல் செருப்பு.

"ராஜா! இந்த அம்மா யாரு தெரியுமா? நம்ம நாட்டு கஜானா மந்திரி! பதினேழு செருப்பு, ஆறு போனு, நாலு கண்ணாடி, எல்லாம் இவங்க கஸ்டடி. நீ எழுந்தா ஒருத்தனும் எழமாட்டான். இவங்க எழுந்தா நாடே எழுந்துக்கும். மொதல்ல இவங்களுக்கு ஒரு கும்புடு போடு!"

யானை குனிந்து கும்பிட்டது. அந்த அம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில் பெஞ்சு குலுங்கியது. அவர் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து போன் எடுத்தார்கள். அன்றைக்கு அந்தக் குடும்பம் கேட் மூடுகிற வரை இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜனங்களுக்குப் பிடித்தது ராஜாவும் இல்லை, பாட்டும் இல்லை என்று அன்றே எனக்குப் பட்டது. தன்னை ஒருவன் கவனித்திருக்கிறான் என்பதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. கும்பலோடு கும்பலாக வந்து, வரிசையில் நின்று, கையில் காகிதப் பட்டை கட்டிக்கொண்டு திரிகிற இடத்தில், 'உன்னை எனக்குத் தெரியும்' என்று ஒரு குரல் வந்தால் மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம். இன்றைக்கும் நான் அதை நம்புகிறேன். ஆனால் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் நிறுத்தவில்லை. இன்னும் நிறைய வேண்டும் என்றேன். தொப்பியையும் தொந்தியையும் பார்த்துச் சொல்கிற கிண்டல் போதாது, வந்தவர்களைப் பற்றி உண்மையான சேதி வேண்டும் என்றேன்.

"ஊர்ல எப்படிண்ணா உங்களுக்கு எல்லாம் தெரியுது?" என்று கேட்டேன்.

"சாயங்காலமே போயிடுவேன்மா. டீக்கடைல ஒக்காருவேன். நாலு பேரு பேசிக்கினு இருப்பாங்க. டீக்கடைல பேசறது ஊருக்கே தெரிஞ்சதுதானே. அத எடுத்துக்குவேன். யாரு ஊட்லயாவது சாப்பாட்டுக்குக் கூப்டு, அங்க எதனா காதுல விழுந்தா, அத மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன். அதான் எங்க வாத்தியாரு சொல்லிக் குடுத்தது."

"அப்படின்னா இங்கயும் டீக்கடைல நில்லுங்க."

அவர் தயங்கினார். "அந்த ஜனங்க இன்னார் மவன், இன்னார் மருமவன்னு எனக்குத் தெரியும்மா. இவங்க யாருன்னே தெரியாதே. நம்ம ஆளுங்களையே வாரிக்கினு போறேனே? முதலாளி, டிக்கெட் குடுக்கற பொண்ணு, நீ..."

"தெரியாதுன்னுதான் கேக்கச் சொல்றேன்" என்றேன். என் குரலில் கொஞ்சம் அதட்டல் இருந்திருக்கும். மைக் பிடித்தவர்களுக்கு அது தானாக வரும்.

அதோடும் விடவில்லை. வேட்டி துண்டோடு போய் நின்றால் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்று, துப்புரவுப் பணியாளர்களின் நீலச் சட்டை ஒன்றை எடுத்து நானே அவருக்குக் கொடுத்தேன். கையில் ஒரு துடைப்பம். அந்தச் சட்டை போட்டவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவர் பக்கத்திலேயே நின்று எதையும் பேசுவார்கள். எனக்கு அது பெரிய தந்திரமாகத் தெரிந்தது. ஊர் டீக்கடையில் கட்டியக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் ஜனங்கள் வாயைத் திறக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

கார்த்திகை முழுக்க, மார்கழியில் பாதி வரை ஆட்டம் பிய்த்துக்கொண்டு போனது. கல்யாணப் பட்டு எடுக்க வந்து, காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி, மிச்ச நேரத்துக்குப் பார்க்குக்கு வருகிற கூட்டங்கள் அவருக்கு அல்வா. "ராஜா! பொண்ணு ஊட்டுக்காரங்க சொன்ன கலரு மாப்ள ஊட்டுக்குப் புடிக்கல. மாப்ள ஊட்டுக்காரங்க சொன்னது பொண்ணு ஊட்டுக்குப் புடிக்கல. கடைசில ரெண்டு ஊட்டுக்கும் புடிக்காத கலர எடுத்துக்கினு நிம்மதியா வந்து ஒக்காந்து இருக்காங்க!" என்பார். இரண்டு வீட்டாரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரிப்பார்கள். மூன்று மணிக்கு இடம் பிடிக்க இரண்டரைக்கே பெஞ்சில் துண்டு போட ஆரம்பித்தார்கள். முதலாளி அவர் தோளில் கைபோட்டுப் பேசினார். பொங்கலுக்கு இருபது நாள்கூட இல்லை.

அரைப் பரீட்சை விடுமுறையில் ஒரு நாள், நல்ல கூட்டம். இரண்டாம் வரிசையில் ஒரு குடும்பம். கோடு போட்ட சட்டையில் நாற்பது வயதுக்காரர், மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு பெண், அதைவிடச் சின்னதாக ஒரு பையன், பைகளோடு அவருடைய அம்மா. நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கட்டியக்காரர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ராஜா! இஸ்கூல் புள்ளைங்களுக்கு அரைப் பரீட்ச லீவு எத்தினி நாளு? பத்து நாளு கூட வராது. அதோ அந்தக் கோடு போட்ட சட்ட அண்ணனுக்கு ரெண்டு மாசமா லீவு! 'கண்ணு, நீ வரவேணாம், ஊட்லயே இரு'ன்னு ஆபீசே அனுப்பிச்சிட்டாங்களாம். குடுத்து வெச்ச மனுஷன் ராஜா! உன் ஆபீஸ்ல யாருக்காவது இந்த பாக்கியம் உண்டா?"

கூட்டம் சிரித்தது. அவரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். அப்போது அந்தப் பெண் குழந்தை எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பதில் சொல்கிற மாதிரி தெளிவாகச் சொன்னது:

"இல்ல, எங்கப்பா டெய்லி ஆபீஸ் போறாரு."

அதற்கும் சிலர் சிரித்தார்கள். அவருடைய அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். மனைவி யாரையும் பார்க்கவில்லை. பையனின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

கட்டியக்காரருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. "ஐயய்யோ, ஆள் மாறிப்போச்சு ராஜா! அது நானு! வேல இல்லாதவன் நாந்தான்! எனக்குக் கண்ணு தெரியல!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு குட்டிக்கரணம் போட்டார். அந்த முட்டிகளோடு குட்டிக்கரணம். கூட்டம் அதற்கும் கைதட்டியது. அந்தக் குடும்பம் எழுந்து தூரத்துப் பெஞ்சுக்குப் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் பூசிய சாயம் வேர்வையில் வழிந்தது.

"டீக்கடைலதான்மா பேசினாரு. போன்ல, யாரோ சிநேகிதங்கிட்ட, நல்லா சத்தமாவே சொன்னாரு. ஊட்ல தெரியாதுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? எங்க ஊர்ல இப்பிடித்தான் வேல இல்லாத ஒருத்தன மேடைல சொன்னேன். மறுநாளே லாரிக்காரரு கூப்டு வேல போட்டுக் குடுத்தாரு. அந்த நெனப்புலதான்மா சொன்னேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் டீக்கடை என்பது எல்லோருக்கும் தெரியவேண்டியதைச் சொல்கிற இடம். எங்கள் பார்க்கில் டீக்கடை என்பது குடும்பத்துக்குத் தெரியாமல் பத்து நிமிஷம் மூச்சு விடுகிற இடம். அங்கே நீலச் சட்டை போட்டு ஒருவரை நிறுத்தியது நான்.

பத்து நிமிஷத்தில் கோடு போட்ட சட்டைக்காரர் ஆபீசுக்கு வந்துவிட்டார். முதலாளி இருந்தார், நான் இருந்தேன், சாயம் கலையாமலே கட்டியக்காரரும் வந்து நின்றார். அந்த மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "டீ குடிக்கும்போது பக்கத்துல பெருக்கிக்கினு இருந்தாரு. அதே ஆளு. உங்க ஸ்டாஃப ஒட்டுக் கேக்க விடறீங்களா? குழந்தைங்க எதிர்ல என்னை..." என்றவர் முடிக்காமல் போய்விட்டார்.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "பெருக்கிக்கினு இருந்தியா? ஹவுஸ்கீப்பிங் சட்ட உனக்கு யாரு குடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்கு நேரம் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே யானைப் பொம்மைக்காரர் தலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கட்டியக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"நானே எடுத்துக்கினேன் சார். அம்மாவுக்குத் தெரியாது" என்றார் அவர்.

"சட்டய வேற திருடினியா?"

நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொன்னார். அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தார்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு நாளைக்கு இலவச பாஸ் கொடுத்துச் சமாதானம் செய்யச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். அந்த மனிதர் குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தார். மனைவி பெஞ்சு ஓரத்தில் ஈரத் துணிகளைப் பிழிந்து பையில் திணித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், பாஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியுங்க" என்றார். "மொத வாரமே தெரியும். ஏசில ஒக்காந்து வேல செய்யறவரு சட்ட தெனமும் வேர்வைல நனைஞ்சு வருது. தொவைக்கறது நான்தானே. அவரே சொல்லட்டும்னு இருந்தேன். நேத்து வந்து பசங்கள பார்க்குக்கு கூட்டிக்கினு போலாம்னு சொன்னப்பவே புரிஞ்சிது, சொல்ற மனசுக்கு வந்துட்டாருன்னு. இன்னிக்கோ நாளைக்கோ அவரே சொல்லி இருப்பாரு. அத நீங்க புடுங்கிக்கினீங்க."

அவர் பையின் ஜிப்பை இழுத்தார், அது சிக்கிக்கொண்டது, மறுபடி இழுத்தார். பிறகு குழந்தைகள் வரவும் எழுந்து போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். வேலை போனால் என் இரண்டு பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது. அவரே தானாகத்தானே பழியை ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பங்குனி வந்தால் கூத்து இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது. இப்படியே ஒவ்வொன்றாக அடுக்கினேன். எல்லாம் அடுக்கி முடித்த பிறகு அந்த மனைவி சொன்னதுதான் மிச்சம் இருந்தது. எழுந்து போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். டீக்கடையில் நிற்கச் சொன்னது நான், சட்டை கொடுத்தது நான், அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று.

முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வேலையை விட்டுப் போகத் தயாராக நின்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார்.

"சரி வுடுமா. ஆனது ஆயிப் போச்சி. அந்தாளும் போயிட்டான். வேற ஆளு யாராவது பாரு. ஒட்டுக் கேக்கறது மட்டும் வேணாம்."

அவ்வளவுதான். உண்மையைச் சொன்னேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதச் சம்பளம் கூடச் சரியாக வந்தது.

பொங்கலுக்கு டிஜே பையன் மூன்று மணிக்கு ஆடவைத்தான். பெஞ்சுகள் மூன்றேகாலுக்குக் காலியாயின. தை முடியும்போது முதலாளியே என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கட்டியக்காரனயே கூப்டுமா. நிரந்தரமாவே போட்டுடலாம். நம்ம மேல தப்பு இருக்குதுன்னு சொல்லிடு" என்றார். முதலாளி சொன்ன பிறகுதான் நான் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஒன்றரை மாதத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்துபோயின, எனக்கு வழி தெரியாமல் இல்லை.

அவர் வீட்டு வாசலில் வேர்க்கடலைச் செடிகளைக் குவித்து வைத்து, மனைவியும் அவருமாகக் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். இடது முட்டியில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல், "வாம்மா, வா" என்று உட்கார்ந்தபடியே சிரித்தார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். பச்சைக் கடலை ஒரு கை அள்ளி என் பக்கம் வைத்தார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நிரந்தர வேலை, இருபத்தைந்து நிமிஷம், நிழல், பெருக்கவேண்டாம், ஒட்டுக் கேட்கவேண்டாம். சட்டை விஷயத்தை முதலாளியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

அவர் கடலை பறிக்கிற கையை நிறுத்தவில்லை.

"அன்னிக்கேவா சொன்ன?"

"அன்னிக்கேதாண்ணா. சாயந்தரமே."

"அப்டியா" என்றார். கொஞ்ச நேரம் செடியை உதறினார், மண் கொட்டியது. "பங்குனிக்கு நாள் ஒத்துக்கினேன்மா. பதினெட்டு ஊரு. வரமுடியாது."

"முட்டி?"

"இருக்குது. வலிக்குது. அதுக்கு இன்னா?"

"என் மேல கோபமாண்ணா?" என்று கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்குமா? உனக்கும் புள்ளைங்க இருக்குது." அடுத்த செடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு கேட்டாண்ட நின்னுக்கினு ரெண்டு பஸ்ஸ வுட்டேன். நீ சொல்லிட்டு ஓடியாருவ, 'போவாத, இரு'ன்னு சொல்லுவன்னு நெனச்சிக்கினு. மூணாவது பஸ்ஸு வந்துது. ஏறிட்டேன்."